கையில பெட்டியோட நிக்கறவங்களுக்கு: விர்ச்சுவல் வேர்ல்ட் ஆரம்பப் பாடம்

முதல் தடவை ஒரு விர்ச்சுவல் வேர்ல்டுக்குள்ள போனப்போ நான் ஒரு மணி நேரத்துக்கு மேல வலது கையில ஒரு பெரிய பெட்டிய ஒட்டிக்கிட்டு சுத்துனேன். ஒரு கடையில ஓசியில தலைமுடி குடுத்தாங்க, எடுத்தேன், இன்வென்ட்டரிக்குள்ள, அதாவது அங்க நம்ம பொருள வெச்சுக்கற பைக்குள்ள வந்து விழுந்துச்சு, ரைட் கிளிக் பண்ணி "மாட்டு"ன்னு குடுத்தேன், அவ்ளோதான், முடி தலையில வரல, பெட்டி கையில வந்து ஒட்டிக்கிச்சு. கழட்டவும் தெரியல. அங்க வாங்குற பொருள் நிறைய பெட்டிக்குள்ள பேக் பண்ணித்தான் வரும், பெட்டிய முதல்ல தரையில வெச்சு, திறந்து, உள்ள இருக்கறத எடுத்து அப்புறம்தான் மாட்டணும்னு யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்துல வந்து நின்னு பொறுமையா டைப் பண்ணி சொல்லிக்குடுத்தாரு. "நானும் இப்படித்தான் நின்னேன், எல்லாரும் நின்னுருக்கோம்"னு கடைசில ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் மறுநாள் திரும்பப் போனேன்னு நினைக்கறேன்.

சரி, விர்ச்சுவல் வேர்ல்டுன்னா என்ன? வீடியோ கேம் மாதிரி ஒரு 3டி இடம், அதுக்குள்ள உங்களுக்குன்னு ஒரு உருவம், அதே நேரத்துல வேற வேற இடத்துல இருந்து வந்த நிஜ மனுஷங்களும் அதே இடத்துல உருவத்தோட நிப்பாங்க, பேசலாம், நடக்கலாம், சேர்ந்து ஏதாவது பண்ணலாம். இவ்ளோதான் எல்லாரும் சொல்ற விளக்கம். ஆனா எனக்கு முக்கியமா படறது இன்னொண்ணு, நீங்க கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு தூங்கப் போனாலும் அந்த உலகம் ஓடிட்டே இருக்கும். வீடியோ கால்ல எல்லாரும் கட் பண்ணிட்டா அந்த கால் இல்ல. தனியா விளையாடற கேம்ல நீங்க பாஸ் பண்ணா அதுவும் நிக்கும். இது நிக்காது. நீங்க வெச்ச நாற்காலி நாளைக்கும் அங்கேயே இருக்கும், இல்லாட்டி யாராச்சும் நகத்தி வெச்சிருப்பாங்க.

இதோட உச்சம் பாக்கணும்னா ஈவ் ஆன்லைன்னு ஒரு விண்வெளி உலகம் இருக்கு, 2003ல இருந்து ஓடுது. அதுல ஒரு பெரிய கூட்டணி தங்களோட ஒரு நட்சத்திர மண்டலத்துக்கான பில் கட்டறத 2014 ஜனவரியில தவற விட்டாங்க, உடனே அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லாததா மாறிடுச்சு, எதிரிங்க மோப்பம் பிடிச்சு வந்துட்டாங்க, கிட்டத்தட்ட 21 மணி நேரம் சண்டை, 7,500 பேருக்கு மேல கலந்துக்கிட்டாங்க, அழிஞ்ச கப்பல்களோட மதிப்ப நிஜப் பணத்துல போட்டுப் பார்த்தா சுமார் 3 லட்சம் அமெரிக்க டாலர்னு சொன்னாங்க. பில் கட்டாததுக்கு! பயப்படாதீங்க, ஆரம்பத்துல போற உங்களுக்கு யாரும் பில் அனுப்பப் போறதில்ல, "அது ஓடிட்டே இருக்கும்"னு சொல்றேனே அதோட அர்த்தம் எவ்ளோ தூரம் போகும்னு காட்டத்தான் சொன்னேன்.

இது ஏதோ நாலஞ்சு வருஷமா வந்த சமாச்சாரம் இல்ல. 1978லயே இங்கிலாந்துல எசெக்ஸ் யுனிவர்சிட்டில ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில்னு ரெண்டு மாணவங்க மட்-னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, படமே கிடையாது, எல்லாம் எழுத்து. "வடக்கே போ"ன்னு டைப் பண்ணா அடுத்த அறையப் பத்தி நாலு வரி வரும், அங்க இன்னொரு ஆள் நின்னா அதுவும் எழுத்தாவே வரும். படத்தோட வந்த ஆரம்ப கால உலகம் ஹேபிடட், லூகாஸ்ஃபிலிம் கம்பெனி 1986ல கமடோர் 64 கம்ப்யூட்டருக்காக டெஸ்ட்டுக்கு விட்டது. திரைக்குள்ள நடமாடற நம்ம உருவத்துக்கு அவதார்னு அதுல பேரு வெச்சாங்க, மேல இருந்து இறங்கி வந்து ஒரு உடம்பு எடுத்துக்கறதுங்கற அர்த்தத்துல. நம்ம அவதாரம்தான், மகரத்த மட்டும் கழட்டி விட்டுட்டு திரும்ப நமக்கே வந்துருக்கு.

இப்ப இருக்கறதுல எதுக்குள்ள போறதுன்னு கேட்டா, முதல்ல அந்த உலகம் உங்களுக்கு ஒரு வேலை குடுக்கணுமா வேணாமான்னு யோசிங்க. ஈவ் மாதிரி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி இருக்கறது கேம் உலகம், உள்ள போனதுமே இத பண்ணு அத கொல்லுன்னு சொல்லும், அதுபாட்டுக்கு உங்கள இழுத்துட்டு போகும். செகண்ட் லைஃப், விஆர்சாட் மாதிரி இருக்கறது பழகற உலகம், அங்க ஸ்கோர் கிடையாது, லெவல் கிடையாது, ஜெயிக்கறதுன்னு ஒண்ணே கிடையாது. ராப்லாக்ஸ் ரெண்டுக்கும் நடுவுல, லட்சக்கணக்கான சின்ன சின்ன கேம், பெரும்பாலும் பசங்க கூட்டம். புதுசா வர்றவங்கள்ல நிறைய பேர் பழகற உலகத்துலதான் கோட்ட விடறாங்க, ஏன்னா உள்ள போய் நின்னதும் கண்ணக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கும், "இப்ப நான் என்ன பண்ணணும்?"னு தோணும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, பத்து நிமிஷம் சுத்திட்டு "ஒண்ணுமே இல்லையே இதுல"ன்னு மூடிட்டு போயிடுவாங்க. ஒண்ணுமில்லாம இல்ல, யாரையும் தெரியாத ஒரு தெருவுல போய் நின்னா எப்படி இருக்குமோ அப்படித்தான் அதுவும் இருக்கும். (மெட்டாவெர்ஸ் மெட்டாவெர்ஸ்னு ஒரு வார்த்தை அடிபட்டுச்சே, 2021ல ஃபேஸ்புக் கம்பெனி பேர மெட்டான்னு மாத்தினப்போ, அது 1992ல வந்த ஒரு ஆங்கில நாவல்ல இருந்து எடுத்தது. நான் அந்த வார்த்தைய யூஸ் பண்றதில்ல, கேக்கறவங்க உடனே ஏதோ முதலீடு பண்ணச் சொல்றோம்னு நினைக்கறாங்க.)

கண்ண மூடி தலையில மாட்டற விஆர் ஹெட்செட் வேணுமான்னு கேப்பாங்க. வேணாம். செகண்ட் லைஃப் சாதாரண மானிட்டர்ல கீபோர்டு மவுஸ் வெச்சுத்தான் ஓடுது, விஆர்சாட்டும் பேருல விஆர் இருந்தாலும் ஹெட்செட் இல்லாம டெஸ்க்டாப் மோடுல போகலாம். கொஞ்சம் நல்ல கிராஃபிக்ஸ் உள்ள கம்ப்யூட்டர், நின்னு நிதானமா வர்ற இன்டர்நெட், இது போதும். ஹெட்செட் கைல இருந்தா முதல் வாரம் பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல போடாதீங்க. கண்ணு "நாம நடக்கறோம்"ங்குது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு "இல்லையே, உக்காந்துதானே இருக்கோம்"ங்குது, ரெண்டுக்கும் சண்டை வந்து வயித்த புரட்டும். செட்டிங்ஸ்ல டெலிபோர்ட் மூவ்மென்ட்னு இருக்கும், நடக்கறதுக்கு பதிலா டக்குனு அந்த இடத்துக்கு தாவறது, ஸ்னாப் டர்ன்னு இருக்கும், சுழலாம வெட்டி வெட்டி திரும்பறது, ரெண்டையும் ஆன் பண்ணி வெச்சா புரட்டல் நிறைய குறையும். தலைய சுத்த ஆரம்பிச்சதும் உடனே கழட்டிடுங்க, தாக்குப் பிடிச்சு பழகிக்கலாம்னு வீராப்பு காட்டுனா அன்னிக்கு பூரா போச்சு.

இப்ப உள்ள போறோம்னு வெச்சுக்குவோம். அவதார ஜோடிக்கறதுலயே மூணு மணி நேரம் போக்கிடாதீங்க, ரெடிமேடா குடுக்கறதுல ஒண்ண எடுத்து மாட்டிட்டு கிளம்புங்க, அப்புறம் மாத்திக்கலாம். பேர் விஷயத்துல மட்டும் நிதானமா யோசிங்க, ஒரிஜினல் பேர், பிறந்த வருஷம் எதுவும் இல்லாம வைங்க, சில இடத்துல யூசர்நேம் பின்னாடி மாத்தறது கஷ்டம். அடுத்து கேமரா. இத யாரும் ஆரம்பத்துல சொல்றதே இல்ல, ஆனா இதுதான் எனக்கு ரொம்ப உதவுச்சு. செகண்ட் லைஃப்ல உங்க உடம்பு ஒரு இடத்துல நிக்கும், உங்க கண்ணு வேற இடத்துக்கு போகலாம். ஆல்ட் கீய அமுக்கிட்டு மவுஸ இழுத்துப் பாருங்க, நின்ன இடத்துல இருந்தே எதிர்க்கட்டடத்த சுத்திப் பாக்கலாம், திரும்ப உடம்புக்கு வர எஸ்கேப் கீ. இது தெரியாம நான் சின்ன அறைக்குள்ள போனாலே சுவத்துல முட்டிட்டே இருந்தேன். பேஜ் அப் கீய அமுக்கிப் பிடிச்சா பறக்கலாம், எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா மேல எழும்பி தப்பிச்சிடலாம்.

பேசறதுக்கும் ஒரு தூரக் கணக்கு இருக்கு. செகண்ட் லைஃப்ல சாதாரணமா டைப் பண்ணி சாட் பண்ணா 20 மீட்டருக்குள்ள இருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும், கிசுகிசுன்னு பேசுனா 10 மீட்டர், கத்துனா 100 மீட்டர். அதனால நீங்க ஒருத்தர்கிட்ட பேசறது பக்கத்துல நிக்கற எல்லாருக்கும் தெரியும், தனியா பேசணும்னா தனி மெசேஜ்ல போகணும். புதுசா வந்த ஆளுங்க தன் ஃப்ரெண்டுகிட்ட சொல்றதா நினைச்சு "அந்த பச்சை சட்டக்காரன் எவ்ளோ கேவலமா இருக்கான் பாரு"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லி, பச்சை சட்டக்காரர் "தேங்க்ஸ்"னு பதில் போட்டத நேர்ல பார்த்திருக்கேன். மைக்ல பேசற இடத்துலயும் இதே மாதிரிதான், கிட்ட போனா சத்தம் கூடும், தள்ளிப் போனா குறையும், இடது பக்கம் நிக்கறவர் குரல் இடது காதுல வரும். கூட்டமா நிக்கறப்போ ரெண்டடி நகர்ந்தா வேற பேச்சு கேக்கும். இது அனுபவிச்சுப் பார்த்தாத்தான் புரியும், நிஜமாவே ஒரு அறையில இருக்கற ஃபீல் வர்றது படத்தோட தரத்தால இல்ல, இந்த சத்தத்தாலதான்னு எனக்கு தோணும்.

செகண்ட் லைஃப்ல போன புதுசுல எல்லாமே சாம்பல் கலரா தெரியும், ஆளுங்க புகை மூட்டமா நிப்பாங்க. உங்க கம்ப்யூட்டர் ரிப்பேர்னு நினைச்சுடாதீங்க. மத்த கேம்ல மொத்த உலகத்தையும் முன்னாடியே டவுன்லோட் பண்ணி வெச்சிருப்போம், இங்க அப்படி முடியாது, ஏன்னா அங்க இருக்கறத கட்டுனதே உள்ள இருக்கற ஜனங்கதான், தினம் தினம் மாத்திட்டே இருப்பாங்க, அதனால நீங்க எங்க நிக்கறீங்களோ அதச் சுத்தி இருக்கறது மட்டும் அப்பப்ப சர்வர்ல இருந்து இறங்கும். முதல்ல வடிவம் வரும், அப்புறம் மேல ஒட்டுன படம் வரும். ஒரு நிமிஷம் நின்னீங்கன்னா தெளிஞ்சுடும், ஓடிட்டே இருந்தா தெளியாது. கூட்டம் அதிகமான இடத்துல லேக் ஆகறதும், அதாவது படம் திக்கித் திக்கி நகர்றதும் இதனாலதான், நாப்பது பேர் ஆளுக்கொரு ஜிகினா டிரஸ் போட்டுட்டு நின்னா அத்தனையும் உங்க கம்ப்யூட்டர்தான் வரையணும். தூரம் வரைக்கும் வரையற டிரா டிஸ்டன்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அத குறைச்சா பாதி பிரச்சனை தீரும்.

இன்னொரு குழப்பம், இதுல விழாதவங்க கிடையாது. நீங்களும் உங்க ஃப்ரெண்டும் ஒரே இடத்துக்கு போறீங்க, அவர் "ஃபவுன்ட்டன் பக்கத்துல நிக்கறேன்"ங்கறார், நீங்களும் அதே ஃபவுன்ட்டன் பக்கத்துலதான் நிக்கறீங்க, ஆனா ஒருத்தர ஒருத்தர் பாக்க முடியல. பேய் கதை இல்ல. செகண்ட் லைஃப்ல நிலத்த 256க்கு 256 மீட்டர் சதுரங்களா பிரிச்சிருக்காங்க, பெரும்பாலும் ஒவ்வொரு சதுரமும் காப்பி இல்லாத ஒரே ஒரு இடம்தான், அங்க போனா அங்க இருக்கறவங்க எல்லாரையும் பாக்கலாம். விஆர்சாட், ராப்லாக்ஸ் அப்படி இல்ல, ஒரே இடத்துக்கு நிறைய காப்பி ஓடும், இன்ஸ்டன்ஸ்னு சொல்வாங்க, ஒரு காப்பி நிரம்புனா அடுத்த காப்பி. நீங்க மூணாவது காப்பியில நிப்பீங்க, அவர் அஞ்சாவதுல நிப்பார், ஃபவுன்ட்டன் ரெண்டுலயும் ஒண்ணுதான். இடத்தோட பேர தேடிப் போகாம, ஃப்ரெண்ட் லிஸ்ட்ல அவர் பேர அமுக்கி ஜாயின் குடுங்க, நேரா அவர் இருக்கற காப்பிக்குள்ள போய் இறங்கிடுவீங்க.

மனுஷங்க விஷயம். பெரும்பாலானவங்க நல்லவங்க, நல்லா உதவுவாங்க, ஆனா முகம் தெரியாத இடத்துல என்ன வேணா பண்ணலாம்னு நினைக்கற ஆளும் இருக்கத்தான் செய்யும். அதனால உள்ள போன முதல் அஞ்சு நிமிஷத்துல மியூட், பிளாக் ரெண்டும் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு வெச்சுக்குங்க, நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே. யாராச்சும் தொந்தரவு பண்ணா விளக்கம் கேக்காதீங்க, பதில் சொல்லாதீங்க, பிளாக் பண்ணிட்டு இடத்த மாத்துங்க. மேல மேல வந்து விழறவங்கள தடுக்கறதுக்கும் வசதி இருக்கு, மெட்டாவோட ஹொரைசன் வேர்ல்ட்ஸ்ல 2022ல அவதார்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட நாலடி இடைவெளி விடற மாதிரி ஒரு எல்லை கொண்டு வந்தாங்க, பொண்ணுங்க புகார் குடுத்த பின்னாடி. விஆர்சாட்ல புதுசா வர்றவங்களுக்கு விசிட்டர்னு ஒரு ரேங்க் இருக்கும், கொஞ்ச நாள் ஒழுங்கா நடந்துக்கிட்டாத்தான் சொந்தமா அவதார் ஏத்தவே விடுவாங்க, அதனால உங்க பேருக்கு பக்கத்துல விசிட்டர்னு இருக்கறத பார்த்து சிலர் உங்களுக்கு உதவ வருவாங்க, சிலர் ஒதுங்கிப் போவாங்க, மனசுல எடுத்துக்காதீங்க. ஆபாச ஏரியாவும் உண்டு, செகண்ட் லைஃப்ல இடங்களுக்கு ஜெனரல், மாடரேட், அடல்ட்னு ரேட்டிங் போட்டிருப்பாங்க, அடல்ட்டுக்கு 18 வயசு ஆயிருக்கணும். வீட்டுல பசங்க இருந்தா அவங்கள தனியா விடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ போய் சுத்திப் பார்த்துட்டு வாங்க.

காசு. முதல் மாசம் ஒரு பைசா போடாதீங்க, ஓசியில கிடைக்கறதே மூட்டை மூட்டையா இருக்கும். ஆனா அங்க ஓடற காசு விளையாட்டுக் காசுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. செகண்ட் லைஃப்ல லிண்டன் டாலர்னு ஒண்ணு, ஒரு அமெரிக்க டாலருக்கு சுமார் 250 கிடைக்கும், திரும்ப நிஜக் காசாவும் மாத்தலாம், உள்ள டிரஸ் டிசைன் பண்ணி வித்தே பொழப்ப ஓட்டறவங்க இருக்காங்க. காசுன்னு வந்துட்டா அதுக்கான எல்லா வில்லங்கமும் பின்னாடியே வரும். நான் முன்னாடி சொன்ன ஹேபிடட்லயே ஒரு கூத்து நடந்துச்சு, ஒரு மெஷின்ல பொம்மை 75 டோக்கனுக்கு வித்தாங்க, ஊரோட இன்னொரு கோடியில இருந்த அடகு மெஷின் அதே பொம்மைய 100 டோக்கனுக்கு வாங்கிச்சு. இன்னொரு இடத்துல ஒரு கிரிஸ்டல் உருண்டை 18,000க்கு வித்தாங்க, அடகு மெஷின் அத 30,000க்கு வாங்கிச்சு. விலைய செட் பண்ணதுல கோளாறு. கண்டுபிடிச்ச சிலபேர் ஒரு ராத்திரி பூரா முதல்ல பொம்மைய தூக்கிட்டு இங்கயும் அங்கயும் அலைஞ்சு காசு சேத்து, அப்புறம் உருண்டைக்கு மாறி, விடியறப்போ லட்சக்கணக்குல டோக்கனோட நின்னாங்க. மறுநாள் காலையில ரிப்போர்ட்ட பார்த்தா மொத்த உலகத்தோட பணமும் ஒரே ராத்திரியில அஞ்சு மடங்கு! ஏமாத்தலையே, நியாயமா சம்பாதிச்சதுன்னு அவங்க வாதம், அப்புறம் அந்தக் காச வெச்சே மத்தவங்களுக்கு புதையல் வேட்டை விளையாட்டு நடத்துனாங்கன்னு கேள்வி.

அது சிரிக்கற கதை. சிரிக்க முடியாததும் உண்டு, செகண்ட் லைஃப்குள்ள ஜின்கோ ஃபைனான்ஷியல்னு ஒரு பேங்க் அநியாய வட்டி தர்றேன்னு டெபாசிட் வாங்கி 2007ல கவுந்துடுச்சு, போட்டவங்களுக்கு போட்டது போட்டதுதான், 2008 ஜனவரியில இருந்து உள்ள யாரும் அரசு அனுமதி இல்லாம வட்டிக்கு பேங்க் நடத்தக் கூடாதுன்னு நடத்தற கம்பெனியே தடை போட்டுச்சு. விர்ச்சுவல் நிலம் வாங்கிப் போட்டா பத்து மடங்காகும்னு இப்பவும் யாராச்சும் உங்ககிட்ட வருவாங்க. வேற இடத்துல விரிக்கிற அதே வலைதான்.

கட்டறத பத்தியும் ரெண்டு வார்த்தை. செகண்ட் லைஃப்ல சாண்ட்பாக்ஸ்னு பொது இடம் இருக்கும், அங்க யாரு வேணா எது வேணா கட்டிப் பாக்கலாம், கொஞ்ச நேரத்துல அதுவே சுத்தம் பண்ணிடும். புதுசா ஒரு கட்டைய உருவாக்குனா அது எப்பவும் பிளைவுட் பலகை டிசைன்லதான் வரும், இழுத்து நீட்டி, வேற படத்த ஒட்டி நாம வேணுங்கறதா ஆக்கிக்கணும். நான் முதல்ல செஞ்சது ஒரு மேஜை, நாலு கால்ல ஒரு கால் தரையத் தொடவே இல்ல, ஆனாலும் மேஜை நின்னுச்சு, அங்க புவியீர்ப்பெல்லாம் நாம கேட்டாத்தான் வரும். இதுல ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, நீங்க கட்டுறதெல்லாம் அடுத்தவங்க சர்வர்ல இருக்கு. கூகுள் மாதிரி கம்பெனியே லைவ்லின்னு ஒண்ண 2008 ஜூலையில ஆரம்பிச்சு அந்த வருஷக் கடைசியிலயே மூடிடுச்சு, ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச்ல மூடினாங்க. பிடிச்ச இடம், பிடிச்ச ஆளுங்க, எல்லாத்தையும் அப்பப்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குங்க, பிடிச்சவங்கள வெளிய தொடர்புகொள்ள ஒரு வழியும் வெச்சுக்குங்க.

கடைசியா எப்படி ஒட்டறதுங்கறது. தினம் ஒரு புது இடம்னு டூர் அடிக்காதீங்க, அது சீக்கிரம் சலிச்சுடும். பாட்டு கேக்கறவங்க கூடற இடமோ, மொழி கத்துக்கற குரூப்போ, ஏதோ உங்களுக்கு பிடிச்ச ஒண்ண எடுத்துக்கிட்டு அதே இடத்துக்கு அதே நேரத்துக்கு நாலு நாள் போங்க. முதல் நாள் உங்கள யாரும் கண்டுக்க மாட்டாங்க, மூணாவது நாள் யாராச்சும் பேரச் சொல்லி கூப்பிடுவாங்க, அதுக்கப்புறம் நீங்க போகாத அன்னிக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க மனசு துடிக்கும். நிகழ்ச்சி லிஸ்ட் இருக்கும், பார்த்துட்டு போங்க, ஆனா நேரத்த சரி பார்த்துக்குங்க, செகண்ட் லைஃப்ல எல்லாமே அமெரிக்க பசிஃபிக் நேரப்படிதான் போடுவாங்க, திரையோட மேல் மூலையில ஓடற கடிகாரமும் அதுதான். இது தெரியாம நான் ஒரு தடவ ஏழு மணி டான்ஸ்னு போட்டிருந்தத பார்த்து, நம்ம ஏழு மணிக்கு, புது டிரஸ்லாம் மாட்டிக்கிட்டு போய் இறங்குனேன். லைட் எல்லாம் எரியுது, பாட்டு ஓடுது, ஆள் இல்ல. ஓரமா ஒருத்தர் மட்டும் நின்னுட்டு இருந்தாரு, கிட்ட போய் வணக்கம் போட்டேன், பதில் இல்ல, இன்னொரு தடவ போட்டேன், அப்பவும் இல்ல, அப்புறம்தான் தலைக்கு மேல "அவே"ன்னு, அதாவது ஆள் கம்ப்யூட்டர் முன்னாடி இல்லன்னு எழுதியிருந்தத கவனிச்சேன்.